பிழை என்று நினைத்த இசை: அகிரா யமாவோகாவும் சைலண்ட் ஹில்லும்

‘சைலண்ட் ஹில்’ வீடியோ கேமுக்காகத் தான் செய்த இசையை அகிரா யமாவோகா முதல் முறை சக ஊழியர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, கேமில் ஏதோ பிழை இருக்கிறது என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். ஸ்பீக்கரில் வந்தது இசை மாதிரியே இல்லை. பட்டறைக்குள் தலையை நீட்டினால் கேட்குமே, அந்த மாதிரி இரைச்சல். ‘இது பிழை இல்லை, இதுதான் இசை’ என்று அவர் விளக்க வேண்டியிருந்தது. ஏன் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தேன் என்று காரணத்தைச் சொன்ன பிறகுதான் குழுவின் ஆட்சேபம் அடங்கியது.

பேய்க் கதைகளின் ஒலியைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தச் சம்பவம்தான். அந்த ஊழியர்களுக்கு வந்த குழப்பம்தான், பின்னால் லட்சக்கணக்கான பேருக்கு இருட்டு அறையில் வந்த பயம். ‘இந்தச் சத்தம் எங்கிருந்து வருது? கேமுக்குள்ள ஏதாவது வருதா, இல்ல பின்னணி இசையா?’ இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஆளை நிறுத்தி வைப்பதுதான் யமாவோகாவின் மொத்த வித்தை. அது எப்படி வேலை செய்கிறது, நம்ம ஊர்க் காதுக்கு அதில் என்ன இருக்கிறது என்பதை எனக்குப் புரிந்த வரையில் எழுதி வைக்கிறேன். கேமே விளையாடாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

ஆள் யார்?

யமாவோகா 1968-இல் ஜப்பானின் நீகாட்டாவில் பிறந்தவர். கல்லூரியில் படித்தது இசை இல்லை, வடிவமைப்பு. 1993-இல் கோனாமி நிறுவனத்தில் சேர்ந்தார். சைலண்ட் ஹில்லுக்கு முதலில் அமர்த்தப்பட்டிருந்த இசைக்காரர் விலகிவிட, இதை நான்தான் செய்ய முடியும் என்று தானாக முன்வந்து எடுத்துக்கொண்டார். 1999-இல் பிளேஸ்டேஷனில் கேம் வெளிவந்தது. ஹாரி மேசன் என்கிற தகப்பன், காணாமல்போன தன் மகள் செரிலைத் தேடி மூடுபனி மூடிய ஒரு சிற்றூரில் அலைகிறான். கதை அவ்வளவுதான்.

மூடுபனிக்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அன்றைய பிளேஸ்டேஷனால் தூரத்தில் இருக்கும் கட்டடங்களையெல்லாம் ஒரே நேரத்தில் வரைந்து காட்ட முடியாது. அதனால் தூரத்தைப் பனியாலும் இருட்டாலும் மூடினார்கள். இயந்திரத்தின் போதாமையே ஊரின் குணமாகிவிட்டது. கண்ணுக்கு நாலு அடிக்கு மேல் தெரியாத இடத்தில் மனிதன் எதை நம்புவான்? காதைத்தான். அந்தக் காதை யமாவோகா கையில் எடுத்துக்கொண்டார்.

இதில் இன்னொரு முக்கியமான விஷயம், இசையமைப்பும் ஒலி விளைவுகளும் ஒரே ஆளிடம் இருந்தது. சினிமாவில் பொதுவாக இசையமைப்பாளர் ஒருவர், ஒலி வடிவமைப்பாளர் இன்னொருவர். இருவரும் தங்கள் எல்லைக்குள் நிற்பார்கள். இங்கே எல்லையே கிடையாது. கதவுச் சத்தமும் அவருடையது, கதவுக்குப் பின்னால் கேட்கும் ‘இசை’யும் அவருடையது. எது எது என்று பிரிக்க முடியாதபடி கலக்கும் சுதந்திரம் அதனால்தான் கிடைத்தது.

சுவரத்தில் எழுத முடியாத இசை

புதுக்கோட்டைக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் குடுமியான்மலை இருக்கிறது. குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில், பல்லவ கிரந்த எழுத்தில், 7-8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு. ஏழு கிராம ராகங்களுக்கான சுவரக் கோவைகளை வரிவரியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ச, சி, சு, செ என்று ஒரே சுவரத்தை வெவ்வேறு உயிரெழுத்துகளோடு எழுதியிருப்பதன் பொருள் என்ன என்று அறிஞர்கள் இன்றைக்கும் விவாதிக்கிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. சுவரத்தை எழுத்தாக்கிவிட்டால் அது பாறையில் ஏறி ஆயிரத்து முந்நூறு வருடம் தாண்டிக்கூட வந்து சேரும். ஆனால் அன்றைக்கு அதை வாசித்த வாத்தியத்தின் நாதம், அதாவது ஒலியின் நிறம், பாறையில் ஏறவில்லை.

யமாவோகாவின் சைலண்ட் ஹில் இசை இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறது. அதன் பெரும்பகுதியை ‘ச ரி க ம’ என்று எழுதிக் கொடுத்தால் கையில் ஒன்றுமே மிஞ்சாது. எல்லாமே நிறம்தான். தகரம் அதிர்வது, மோட்டார் இழுப்பது, ஏதோ ஒன்று தரையில் உரசிப் போவது. மேற்கில் இதற்கு ‘இண்டஸ்ட்ரியல்’ இசை என்று பெயர். 1970-களின் பிற்பகுதியில் தொழிற்சாலைச் சத்தங்களையும் இயந்திர இரைச்சலையும் இசையாகவே எடுத்துக்கொண்ட ஒரு போக்கு. மற்ற கேம்களிலிருந்து வித்தியாசமாக, குளிர்ச்சியும் துருவும் ஏறிய ஒரு உணர்வு வேண்டும் என்பதற்காக யமாவோகா அந்த வழியை எடுத்தார். இன்னொரு பக்கம், ‘ட்வின் பீக்ஸ்’ தொலைக்காட்சித் தொடருக்கு இசையமைத்த ஆஞ்சலோ பதலமெந்தியின் சோகமான, மெதுவான மெட்டுகளும் அவரைப் பாதித்தவை. துருவும் சோகமும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டால் சைலண்ட் ஹில் இசை முழுவதையும் பின்தொடரலாம்.

ரேடியோ என்கிற வில்லன்

கேமின் ஆரம்பத்தில் ஹாரிக்கு ஒரு சின்ன ரேடியோ கிடைக்கிறது. அதில் எந்த ஸ்டேஷனும் வராது. ஆனால் அரக்கர்கள் பக்கத்தில் வந்தால் ‘கர்ர்ர்’ என்று இரையும்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஆட்டக்காரருக்குச் செய்த உதவி. ஆபத்து வருவதற்கு முன்னாலேயே எச்சரிக்கை. ஆனால் அந்த எச்சரிக்கையில் பாதிச் செய்திதான் இருக்கிறது. ஏதோ பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லும். எந்தத் திசையில், என்ன, எத்தனை என்று சொல்லாது. பனிக்குள் கண் உதவாது. ஆக, ‘ஏதோ இருக்கு’ என்ற தகவல் மட்டும் கையில் இருக்கும். ஒன்றும் தெரியாமல் இருப்பதைவிட இது மோசம். ரேடியோவை அணைத்தும் வைக்கலாம். அணைத்தால் நிம்மதி வருமா என்றால், அதுதான் இல்லை.

இதற்கு முன்னால் 1996-இல் வந்த ‘ரெசிடென்ட் ஈவில்’ கேமில் ஒலி நேர்மையான சேவகன். தட்டச்சு இயந்திரம் இருக்கும் அறைக்குள் போனால் ஒரு அமைதியான மெட்டு வரும். ‘இங்க ஒண்ணும் ஆகாது, மூச்சு விட்டுக்கோ’ என்று அதற்கு அர்த்தம். ஒரு தாய் மடி மாதிரி. சைலண்ட் ஹில்லில் ஒலி பாதி உண்மை பேசும் சாட்சி. நம்பவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது.

இதன் மேல்தான் அந்தத் தொழிற்சாலை இரைச்சல் வந்து உட்காருகிறது. பின்னணியில் தொடர்ந்து ஏதோ உரசிக்கொண்டே இருந்தால், அதற்கு நடுவே உண்மையிலேயே ஏதோ உரசும்போது எப்படிக் கண்டுபிடிப்பது? காதுக்கு ஓய்வே கிடையாது. ஒவ்வொரு சத்தத்தையும் ‘நீ யார்’ என்று விசாரித்துக்கொண்டே நடக்க வேண்டும். ஒரு மணி நேரம் விளையாடினாலே உடம்பு அசந்துபோகும். காரணம் பாதி இதுதான்.

உடம்பு ஏன் சிலிர்க்கிறது?

சில சத்தங்கள் மட்டும் யோசிக்கும் முன்பே நம்மை ஏன் பிடித்து உலுக்குகின்றன? இதற்கு ஓரளவு விடை இருக்கிறது.

2015-இல் லுக் ஆர்னால், டேவிட் போப்பெல் ஆகியோர் அடங்கிய ஆய்வுக்குழு மனித அலறலை அலசியது. அலறலின் தனித்தன்மை அதன் உரப்போ உயரமோ மட்டும் இல்லை, ‘கரடு’ என்று அவர்கள் கண்டார்கள். அதாவது ஒலியின் அளவு விநாடிக்குச் சுமார் 30 முதல் 150 முறை ஏறி இறங்குவது. சாதாரணப் பேச்சு இந்த வேகத்தைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. அலறலும், கார் அலாரம் போன்ற எச்சரிக்கை ஒலிகளும் அங்கேதான் குடியிருக்கின்றன. மூளையில் பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி இந்தக் கரட்டுக்குக் கூடுதலாகத் துலங்குகிறது. ஆக, கரடான எந்த ஒலியும், அது வெறும் தகரமாகவே இருந்தாலும், ‘யாரோ கத்துறாங்க’ என்கிற வாசலைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறது.

கரட்டை எப்படி உண்டாக்குவது? எளிய வழி, உரசல். ஒரு பொருளை இன்னொன்றின் மேல் அழுத்தித் தேய்த்தால் அது வழுக்கிக்கொண்டு போகாது. ஒட்டும், விடும், ஒட்டும், விடும். ஒரே விநாடிக்குள் இது பல முறை நடக்கும். துருப்பிடித்த கேட் கிறீச்சிடுவது இதனால்தான். கரும்பலகையில் நகம் கீறினால் பல் கூசுவதும் இதனால்தான். வயலினில் வில் பாடுவதும் இதே ஒட்டி விடும் விளையாட்டுதான். நம் உறுமியும் அப்படியே. உறுமியின் ஒரு முகத்தில் வளைந்த குச்சியை அடிப்பதில்லை, தேய்க்கிறார்கள். தோல் ஒட்டி ஒட்டி விடுபடும்போது அந்த ‘உர்ர்ரூம்’ என்ற உறுமல் பிறக்கிறது. வாத்தியத்துக்குப் பெயரே அதிலிருந்துதான்.

துருப்பிடித்த கேட்டும் உறுமியும் இயற்பியலில் பங்காளிகள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு வழக்குக்கு இது வேண்டியிருக்கும்.

அறையும் ஒரு வாத்தியம்

பயத்தில் இன்னொரு பங்கு இடத்துக்கு உண்டு. ஒரு சத்தம் கேட்டவுடன், அது எவ்வளவு பெரிய இடத்தில் ஒலித்தது என்பதையும் காது கணக்குப் போட்டுவிடுகிறது.

சித்தன்னவாசல் அறிவர் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். கருவறைக்குள் நின்று வாய் மூடி ‘ம்ம்ம்’ என்று இழுத்தால், ஒரு குறிப்பிட்ட சுருதியில் மட்டும் அறையே சேர்ந்து முழங்கும். இதில் மாயம் ஒன்றும் இல்லை. அறை கிட்டத்தட்ட ஒன்பதரை அடிச் சதுரம், அதாவது சுமார் 2.9 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்கள் வழவழப்பான கல். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. அந்த இடைவெளியில் அரை அலை சரியாகப் பொருந்தும் அதிர்வெண் 60-ஐ ஒட்டி வரும். முழு அலை பொருந்துவது 120-ஐ ஒட்டி. ஆண்குரலில் தணிவாக முனகினால் ஏறக்குறைய அந்த 120-இல்தான் நிற்கும். குரல் அறையின் சுருதியைத் தொட்டதும் சுவர்கள் அதைத் திருப்பித் திருப்பி அனுப்பி வளர்க்கின்றன. சத்தம் உங்கள் வாயிலிருந்து வருவது போலவே இருக்காது. எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும்.

சமணத் துறவிகளின் இடத்தில் இந்த அனுபவம் மனதை அடக்கும். அதே இயற்பியலை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நீங்கள் தனியாக நடக்கும்போது கொடுத்தால்? சத்தத்துக்குத் திசை இல்லாமல் போவதுதான் இரண்டிலும் நடப்பது. ஓரிடத்தில் அது சாந்தி, இன்னோரிடத்தில் பீதி.

பிளேஸ்டேஷனின் ஒலிச் சில்லுக்குள் எதிரொலியைச் செயற்கையாக உண்டாக்கும் வசதி இருந்தது. ஆனால் ஒலிக்கான நினைவகம் வெறும் 512 கிலோபைட். சுருக்காமல் குறுந்தகட்டுத் தரத்தில் வைத்தால் சுமார் 3 விநாடி ஸ்டீரியோ ஒலிதான் அதில் அடங்கும். நீளமான ஒலியை வட்டிலிருந்து நேரடியாக ஓட்டலாம். மற்றதற்கெல்லாம் அந்தக் காலத்து ஒலிக் கலைஞர்கள் குட்டிக் குட்டி ஒலித்துண்டுகளைச் சுருக்கி வைத்து, திரும்பத் திரும்ப ஓட்டி, வேகத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் சமாளித்தார்கள். ஒரு தகரச் சத்தத்தைப் பாதி வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி கீழே இறங்கி, எதுவோ பெரிய ஒன்றின் மூச்சு மாதிரி ஆகிவிடும். மூலம் என்ன என்று கண்டுபிடிக்கவே முடியாது. பனியைப் போலவே இங்கேயும் போதாமை கைகொடுக்கக்கூடியதுதான்.

நடுவில் ஒரு மெட்டு

வெறும் இரைச்சல் மட்டும் இருந்திருந்தால் சைலண்ட் ஹில்லை இத்தனை வருடம் யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள். முதல் கேமின் தொடக்கத்திலேயே மாண்டலினில் ஒரு மெட்டு வருகிறது. நம்ம ஊருக்கு மாண்டலின் ஒன்றும் அந்நியம் இல்லை, ஸ்ரீநிவாஸ் அதில் கர்நாடக இசையையே வாசித்துக் காட்டியவர். ஆனால் பேய்க் கேமின் வாசலில் மாண்டலினை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அது பயமுறுத்துவதில்லை. ஏதோ ஒன்றை இழந்த ஆள் வாசிப்பது போல இருக்கும்.

2001-இல் வந்த இரண்டாம் பாகத்தில் இந்தப் பக்கம் இன்னும் ஆழமாகிறது. ஜேம்ஸ் சண்டர்லேண்ட் என்பவனுக்கு, இறந்துபோன மனைவி மேரியிடமிருந்து கடிதம் வருகிறது. நமக்குப் பிடித்த அந்த இடத்தில் காத்திருக்கிறேன், வா என்று. அவன் போகிறான். ‘தீம் ஆஃப் லாரா’ என்ற அந்தப் பாகத்தின் முகப்பு இசை, சோகமான மெட்டைக் கித்தாரில் வைத்து அடியில் அழுத்தமான தாளத்தை ஓட்டுகிறது. பேய்க் கேமின் இசை என்று சொல்லாமல் போட்டுக் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

தமிழ் ரசிகர்களுக்கு இது உடனே புரியும் என்று நினைக்கிறேன். விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையில் 1963-இல் வந்த ‘நெஞ்சம் மறப்பதில்லை’, வேதா இசையில் 1966-இல் வந்த ‘யார் நீ’ எல்லாம் அமானுஷ்யத்தை ஒரு பாட்டில்தான் கட்டி வைத்தன. பேயைவிட அந்தப் பாட்டுதான் மனதில் நின்றது. பிரிவும் ஏக்கமும் இல்லாமல் நம்மிடம் பேய்க்கதையே கிடையாது. யமாவோகாவும் அதே கிணற்றில்தான் இறைக்கிறார். ஒரே வித்தியாசம், நம் பழைய படங்களில் பாட்டு தூரத்திலிருந்து ஆளைக் கூப்பிடும். சைலண்ட் ஹில்லில் மெட்டு, தேடிப் போகிறவனின் துக்கமாகவே ஒலிக்கும். வெளியே துரு, உள்ளே துக்கம். இரைச்சல் எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவுக்கு அந்த மெட்டு வரும்போது நெஞ்சு அடைக்கும்.

சினிமாவும் கேமும்

சினிமா இசையமைப்பாளருக்கு ஒரு வசதி உண்டு. கதவு எந்த விநாடியில் திறக்கும் என்று அவருக்குத் தெரியும். அதற்கு ஒரு விநாடி முன்னால் இசையை நிறுத்தி, திறந்தவுடன் ‘டமார்’ என்று போடலாம். கேமில் கதவைத் திறப்பவர் நீங்கள். இப்போதே திறக்கலாம், பத்து நிமிடம் வெளியே நின்று தயங்கலாம். பத்து நிமிடமும் இசை ஓட வேண்டும், சலிக்கக் கூடாது, திறக்கும்போது சரியாக அமைய வேண்டும்.

இதற்கு இரண்டு தீர்வுகள். ஒன்று, அடுக்கு முறை. 2008-இல் வந்த ‘டெட் ஸ்பேஸ்’ கேமில் ஜேசன் கிரேவ்ஸ் இதைப் பெரிய ஆர்கெஸ்ட்ராவை வைத்துச் செய்தார். மெதுவானது, பதற்றமானது, வெறிபிடித்தது என்று இசையைப் பல அடுக்குகளாகப் பதிவு செய்து, ஆபத்து நெருங்க நெருங்கக் கேமே அடுக்குகளை ஏற்றி இறக்கும். இன்னொன்று யமாவோகாவின் வழி. தொடக்கமும் முடிவும் இல்லாத ஒலிப்படுகை. எந்த இடத்தில் வெட்டினாலும் வெட்டியது தெரியாது. ராகமும் தாளமும் இருந்தால் பாதியில் நிறுத்தும்போது காது கண்டுபிடித்துவிடும். இரைச்சலுக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது. ‘பிழை’ போல ஒலித்தது, விளையாட்டின் வடிவத்துக்கு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள்.

உடுக்கை யாருடைய சத்தம்?

இப்போது அந்த வழக்குக்கு வருவோம். தமிழில் பேய்ப் படம் எடுப்பவர்களும், சமீபமாகக் கேம் செய்ய ஆசைப்படும் இளைஞர்களும் பயத்துக்கு எந்தச் சத்தத்தை எடுக்கிறார்கள்? உடுக்கை, உறுமி, கோயில் மணி, சாமியாடியின் ஆவேசக் குரல். காரணம் எளிது. உறுமி கரடானது, உடுக்கையின் கயிற்றை அழுத்தி விட்டால் சுருதி வழுக்கிக்கொண்டு போகும். இரண்டுக்கும் உடம்பு உடனே துலங்கும்.

ஆனால் புதுக்கோட்டைக் கிராமங்களில் உடுக்கை யாருக்குப் பயம்? அய்யனார் கோயிலிலோ கருப்பர் கோயிலிலோ உடுக்கை ஒலித்தால் சாமி வரப்போகிறது என்று பொருள். பிள்ளை இல்லாதவள், வழக்கில் சிக்கினவன், மாடு தொலைத்தவன் எல்லாரும் குறி கேட்கக் காத்திருப்பார்கள். உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும். ஆனால் அது ‘ஏதோ வருது’ என்கிற பயம் இல்லை. ‘நம்மாளு வந்துட்டார்’ என்கிற சிலிர்ப்பு. உறுமியும் அப்படித்தான். திருவிழாவிலும் சாவிலும் அதை வாசிப்பவர்களுக்கு அது தொழில், மரபு, மரியாதை. அந்த மரியாதையே அவர்களுக்குச் சுலபமாகக் கிடைத்ததில்லை. அதையே பேயின் கையெழுத்தாக மாற்றும்போது ஒருவரின் சாமியையும் இன்னொருவரின் கைத்தொழிலையும் சேர்த்துப் பேயாக்குகிறோம். நகரத்தில் வளர்ந்து திரையில் மட்டுமே உடுக்கையைக் கேட்ட ஒரு பிள்ளை, ஊர்த் திருவிழாவுக்கு வந்து அதைக் கேட்டு மிரண்டால், மிரட்டியது சாமி இல்லை, நாம்தான்.

கலைக்கணக்கில் பார்த்தாலும் இது நஷ்டம்தான். யமாவோகாவின் வித்தை, சத்தத்துக்குப் பெயர் வைக்க முடியாமல் செய்வது. உடுக்கை கேட்டவுடனே ‘ஓ, உடுக்கை’ என்று காது பெயர் வைத்துவிடும். பெயர் தெரிந்துவிட்டால் பயம் பாதி போய்விட்டது. ஜப்பானியரான அவர் கோயில் மணியையும் ஷாமிசெனையும் நாடி ஓடவில்லை, இரும்பை எடுத்தார் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது. சத்தம் என்பது நினைவும்கூட. சைலண்ட் ஹில்லில் ஊர் உருமாறும்போது விமானத் தாக்குதல் சைரன் ஊளையிடும். அதை அனுபவிக்காதவர்களுக்கு அது ஒரு விளைவு, அவ்வளவுதான். நம் மாவட்டத்திலேயே லேணாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை மறுவாழ்வு முகாம்களில், இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் வாழ்கின்றன. குண்டுவீச்சைக் கேட்டு வளர்ந்த காதுக்கு விமான இரைச்சல் விளையாட்டாக இருக்க முடியாது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயலை இங்கே கடந்தவர்களைக் கேளுங்கள். வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தது மறந்திருக்கலாம், தென்னைகள் முறிந்த அந்தக் காற்றின் சத்தம் மறந்திருக்காது. பயத்தின் பாதி உடம்பில் இருக்கிறது என்றால், மீதிப் பாதி வாழ்க்கையில் இருக்கிறது. ஒலியைக் கையாளுபவர் அந்த மீதிப் பாதிக்கும் பொறுப்பு.

அப்ப எதை எடுக்கறது?

எடுப்பதற்கு நம்மிடம் ஏராளமாக இருக்கிறது. நிறுத்திய பிறகும் பட்டை சுற்றிக்கொண்டிருக்கும் ரைஸ் மில். தண்ணீர் வற்றிய போர்வெல்லில் காற்றை மட்டும் இழுக்கும் மோட்டார். பாதி பிடுங்கிக்கொண்ட ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஆள் நடமாட்டமே இல்லாத தைலமரக்காட்டில் ஒரே சீராக வீசும் காற்று. குறைந்த மின்னழுத்தத்தில் முனகும் டியூப்லைட் சோக். இவை யாருக்கும் சாமி இல்லை, யாருடைய சாதித் தொழிலும் இல்லை. ஃபோனிலேயே பதிவு செய்யலாம், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேகத்தைப் பாதியாக்கலாம், கோடோ என்ற இலவச கேம் எஞ்சினில் கொண்டுபோய் வைக்கலாம். பாதி வேகத்தில் ஒரு ரைஸ் மில் பட்டை எப்படி ஒலிக்கும் என்று ஒருமுறை கேட்டுவிட்டால் உடுக்கையைத் தேடத் தோன்றாது.

யமாவோகா 2009-இல் கோனாமியை விட்டு வெளியேறினார். 2024-இல் போலந்து நிறுவனமான ப்ளூபர் டீம், சைலண்ட் ஹில் 2-ஐப் புதிதாகச் செய்தபோது, இசைக்கு மறுபடி அவரையே கூப்பிட்டது. இடையில் கருவிகள் எல்லாம் மாறிவிட்டன. 512 கிலோபைட் பிரச்சினை இன்றைக்கு யாருக்கும் இல்லை. ஆனாலும் அந்தக் கேமில் நடக்கும்போது மனசு அதே கேள்வியைத்தான் கேட்கிறது: ‘இது இசையா, இல்ல பின்னாடி ஏதாவது நிக்குதா?’ 1999-இல் குழுவினர் ‘பிழை’ என்றபோது, கேட்க இனிமையாக நாலு மெட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு அவர் போயிருக்கலாம். உட்கார்ந்து காரணம் சொன்னார். தமிழில் முதல் நல்ல பேய்க் கேமைச் செய்யப்போகிறவரும், ‘என்னங்க இது, ரைஸ் மில் சத்தமா இருக்கு’ என்று யாராவது சொல்லும்போது அப்படி உட்கார்ந்து காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் காரணம் அவரிடம் தயாராக இருக்கட்டும்.